பன்னிரண்டு கட்டங்கள்

ஜெலாப்பாங் என்னும் மலாய்ச் சொல்லுக்கு நெற்களஞ்சியம் என்று பொருள். ஈயத்தாலும் ரப்பராலும் பேர்பெற்ற கிந்தாப் பள்ளத்தாக்கில், ஈப்போ நகரத்தின் ஓரத்தில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் இரைச்சல் நள்ளிரவிலும் ஓயாத இவ்விடத்தில், வரிசை வீடுகளும் சீனர்களின் புதுக்கிராமமும் பட்டறைகளும் கோயில்களும் தோளோடு தோள் உரசிக் கிடக்கின்றனவேயன்றி, நெற்குதிர் ஒன்றைக் கண்ணால் கண்டவர் எங்கள் தெருவில் எவரும் இல்லை. ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை, பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த சில தினங்களுக்குள், தாமான் என்று நாங்கள் அழைக்கும் எங்கள் குடியிருப்பில் தெருவுக்கு இரண்டொரு வீடுகள் அறுவடைக்குப் பிந்திய களத்தைப்போலப் பரபரப்படைகின்றன. விளைந்ததை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற விசாரம் பெற்றோரைப் பிடித்துக்கொள்கிறது. அந்த விசாரத்தின் ஒரு சிறு பகுதி, தமிழ்ப்பள்ளியில் 32 ஆண்டுகள் பாடம் சொல்லி ஓய்வுபெற்றவன் என்ற ஒரே காரணத்தால், என் வீட்டு முன்வாசலில் கிடக்கும் பிரம்பு நாற்காலியைத் தேடிக்கொண்டு வந்து அமர்கிறது.

“எந்த யூனிவர்சிட்டிக்குப் போடலாம், ஐயா?” என்பதுதான் கேள்வி. ‘போடுவது’ என்பது எங்கள் வழக்கு. விண்ணப்பம் போடுவதை, வலை போடுவதைப்போலவும் சீட்டுப் போடுவதைப்போலவும் ஒரே வினையால் சொல்லிவிடுகிறோம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

விஷயம் அறியாத வெளியூர் வாசகருக்காக ஒரு விளக்கம். இந்த மலேசிய நாட்டின் 20 அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கும் வாயில் ஒன்றே, யூ.பி.யூ. என்று மூன்றெழுத்தில் அதை அழைக்கிறோம். மாணவன் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியே ஓலை அனுப்ப வேண்டுவதில்லை. 12 கட்டங்கள் கொண்ட ஒரே பட்டியலைக் கணினியில் நிரப்பினால் போதும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பாடமும் அதைப் போதிக்கும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்தே இடம்பெறும். தேர்வின் புள்ளிக்கு நூற்றுக்கு 90, விளையாட்டு, சாரணர் இயக்கம் முதலான புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 என்று கூட்டி வருகிற தகுதிப்புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு, எதை முதற்கட்டத்தில் எழுதுவது, எதைப் பன்னிரண்டாவதில் எழுதுவது என்று பத்தொன்பது வயதுப் பிள்ளை தீர்மானிக்க வேண்டும். வரிசை எண் வெறும் அலங்காரம் அன்று. முதலில் எழுதியதை முதலில் விரும்பியதாகவே கொள்வார்கள். ஆகையால் இப்பட்டியல் ஒருவகையில் ஆசையின் இறங்குவரிசை. நம் வீடுகளிலோ அது பெரும்பாலும் அச்சத்தின் ஏறுவரிசையாக எழுதப்படுகிறது.

விண்ணப்பம் என்ற சொல்லைப் பற்றி ஓய்வுக்காலத்தில் அடிக்கடி யோசித்திருக்கிறேன். அறிவித்தல், தெரியச்செய்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரொன்று பிராகிருதத்தின் வாயில் குழைந்து, தமிழின் நாவில் உருண்டு, விண்ணப்பமாயிற்று. அரசன் முன்னும் ஆண்டவன் முன்னும் நின்று சொல்லிச்சொல்லி அதன்மேல் இரத்தலின் வாடை ஏறிவிட்டதேயல்லாமல், ‘என் உள்ளத்தில் இருப்பது இது, நீ அறிந்துகொள்’ என்பதற்கு மேல் அச்சொல்லின் வேரில் யாதொரு தாழ்மையும் இல்லை. நாங்கள் அன்றாடம் புழங்கும் மலாய் மொழியில் நிலைமை வேறு. ‘பெர்மோஹோனான்’ என்ற சொல்லுக்குள் ‘மோஹோன்’ என்னும் வேண்டுதல் வெளிப்படையாகவே அமர்ந்திருக்கிறது. இடம் கிடைக்காதவர்கள் மறுபடியும் எழுதும் மேல்முறையீட்டுக்கு ‘ராயுவான்’ என்று பெயர். அழும் குழந்தையைத் தேற்றி இசையவைப்பதையும் அதே வேர்ச்சொல்லால் குறிப்பார்கள். எங்கள் பிள்ளைகள் தமிழில் விண்ணப்பம் என்று எழுதினாலும், பாரத்தை நிரப்பும்போது அவர்களுடைய முதுகு மலாய்ச் சொல்லின் பொருளுக்கேற்பவே வளைகிறது. இதில் மலாய் மொழியின் குற்றம் ஒன்றும் இல்லை. நாலு தலைமுறையாகத் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் விடியற்காலை இருட்டில் பெயர் கூப்பிடக் காத்து நின்ற முதுகு அது.

ஆயினும், அறிவித்தல் என்ற மூலப்பொருளிலேயே எங்கள் முன்னோர் ஒருமுறை ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் செய்ததுண்டு. மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தோன்றியது; மருத்துவக் கல்லூரி ஒன்றும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து உருவான அதில், இந்தியர்களின் மொழியையும் பண்பாட்டையும் கற்பிக்க ஒரு துறை வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது, எந்த மொழியை நடுவில் வைப்பது என்ற விவாதமும் உடன் எழுந்தது. சரித்திரப் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரின் யோசனை சமஸ்கிருதத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. அதை எதிர்த்துத் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி தம் பத்திரிகையில் இடைவிடாது எழுதினார். இந்நாட்டு இந்தியரில் மிகப் பெரும்பாலோர் தமிழராக இருக்க, தமிழே அத்துறையின் மொழியாக வேண்டும் என்பது அவருடைய வாதம். எழுதியதோடு நில்லாமல், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டி, பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் சேர வழிசெய்தார். 1956-இல் இந்திய இயல் துறை தொடங்கியது. பின்னர் அது கோலாலம்பூருக்கு வந்தது. 1961 முதல் தனிநாயகம் அடிகளார் அதற்குத் தலைமை வகித்தார். 1966-இல் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியதற்கு அடிகளாரின் உழைப்பே பிரதானம். இவையெல்லாம் சரித்திரப் புத்தகத்தில் உள்ளவை. என் சிந்தனை சென்று தங்குவது அந்த நிதியின் பேரேட்டில். பால்மரம் வெட்டுகிறவனும், ரயில்பாதையில் சம்மட்டி அடிக்கிறவனும், நகராண்மைக் கழகத்தில் தெருக்கூட்டுகிறவனும் கொடுத்த சில்லறைக் காசுகளால், அவர்களில் எவரும் உள்ளே நுழைந்து பார்த்திராத ஒரு கட்டடத்தில், அவர்களுள் பலர் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் அறியாத நூல்கள் சென்று அமர்ந்தன. இன்னது கற்பிக்கப்பட வேண்டும் என்று அவர்கள் பல்கலைக்கழகத்துக்கு அறிவித்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று என் முன்வாசலில் அமர்ந்து, ‘எனக்கு எது கிடைக்கும்?’ என்று வினவுகிறார்கள். எதைக் கற்க விரும்புகிறாய் என்று நான் திருப்பிக் கேட்டால், கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டவனைப்போலத் தகப்பனாரின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

அந்தப் பார்வையைக் குறைசொல்லும் அருகதை எனக்கு இல்லை. 1977-இல், எஸ்.டி.பி.எம். தேர்வின் முன்னோடியான எச்.எஸ்.சி.யில் நான் தேறியபோது இந்நாட்டில் பல்கலைக்கழகங்கள் ஐந்தே: மலாயா, பினாங்கிலிருந்த அறிவியல் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், செர்டாங்கிலிருந்த விவசாயப் பல்கலைக்கழகம், தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். தேர்ந்தெடுப்பதற்கு இருந்தது அவ்வளவுதான். எனினும் அந்த ஐந்துக்குள் ஒன்றையும், அதற்குள் ஒரு பாடத்தையும் தேர்ந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் பிடித்தது. பள்ளிக்கூட நோட்டுப்புத்தகத்தின் கடைசித் தாளில் பென்சிலால் எழுதிய நகலில் சரித்திரம் என்று எழுதியிருந்தேன். எங்கள் தோட்டத்துக் கணக்கரான கிராணி, தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் அதுவரை எவர் வீட்டுக்கும் வராதவர், என் தேர்ச்சியைக் கேள்விப்பட்டு எங்கள் வீட்டுப் படியேறி வந்து, சரித்திரம் படித்தவன் சோற்றுக்கு என்ன செய்வான் என்று என் தகப்பனாரிடம் மெல்லக் கேட்டுவிட்டுப் போனார். அவர் நல்ல மனிதர், கேட்டதும் நல்லெண்ணத்தால்தான். மையால் எழுதிய பாரத்தில் பொருளாதாரம் என்று எழுதினேன். இடம் கிடைக்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன். அந்தத் தொழில் எனக்குச் சோறும் சந்தோஷமும் போட்டது. ஆதலால் புகார் ஒன்றும் இல்லை. ஒன்றுமட்டும் உறுத்துகிறது. சரித்திரம் என்று எழுதி, அதற்கும் இடமில்லை என்று வந்திருந்தால், என் ஆசை இன்னதென்று குறைந்தபட்சம் ஒரு குமாஸ்தாவாவது எங்கோ ஓர் அலுவலகத்தில் வாசித்திருப்பார். கேட்காத ஒன்று கிடைக்காமற்போனதை யாரிடம் போய்ச் சொல்வது?

எங்கள் ஊரிலிருந்து வடக்கே, மெனோரா சுரங்கப்பாதை வழியாகச் செல்லாமல் பழைய சாலையில் சென்றால், அரைமணி நேரத்தில் சுங்கை சிப்புட் வந்துவிடும். பின்னாளில் இந்தியர்களின் கட்சியான ம.இ.கா.வின் தலைவராகவும் அமைச்சராகவும் விளங்கிய துன் வீ.தி. சம்பந்தன் 1919-இல் அங்கே பிறந்து, கோலகங்சாரில் ஆங்கிலப் பள்ளியில் படித்து, கடல் கடந்து சிதம்பரத்திலிருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று பட்டம் பெற்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அப்போது தோன்றிப் பத்தாண்டு கடந்திருந்த புதிய ஸ்தாபனம். மலாயாவிலிருந்த ஒரு தமிழ் இளைஞன் முன்னே அன்று சிங்கப்பூர், சென்னை, சிதம்பரம், லண்டன் என்று நாலு திசையும் திறந்துதான் கிடந்தன. ஆனால் தகப்பனாருக்குச் சொந்தமாக ரப்பர்த் தோட்டம் இருக்க வேண்டும். சம்பந்தனாரின் தகப்பனாருக்கு இருந்தது. தோட்டத்தில் மரம் வெட்டியவனின் மகனுக்கோ திசை ஒன்றே. அது விடியுமுன் மரம் வெட்டும் நிரைக்குப் போகும் திசை. இதைச் சொல்வது அப்பெரியவரைக் குறைத்துப் பேசுவதற்காக அன்று. வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டாடி விற்றுவிட்டுக் கப்பலேறிய காலத்தில், 1960-இல், தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. தெரிவு செய்யும் வசதி வாய்த்த ஒருவர், அது வாய்க்காதவர்களை மறக்காதிருந்தார் என்பது எங்கள் பேராக் மாநிலத்துக்குப் பெருமை.

இன்று திசைகளுக்குப் பஞ்சமில்லை. 1996-இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தபின், முச்சந்திதோறும் ஒரு கல்லூரியின் விளம்பரப் பலகை கண்ணைப் பறிக்கிறது. எங்கள் மாநிலத்துக்குள்ளேயே கம்பாரில் ஒன்று, ஸ்ரீ இஸ்கந்தாரில் எண்ணெய் நிறுவனத்தின் பெயரால் ஒன்று, தஞ்சோங் மாலிமில் 1922-இல் மலாய் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தோன்றி 1997-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். கெடாவில், நம் சமூகத்தின் பெயரால் 2001-இல் எழுந்த எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். கடனுக்கும் 1997 முதல் பி.டி.பி.டி.என். என்னும் அரசாங்க நிதி இருக்கிறது, அதை அடைத்து முடிப்பதற்குள் சிலருக்குப் பேரன் பிறந்துவிடுகிறான் என்பது வேறு விஷயம்.

பஞ்சம் வேறொன்றில். வள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரு அதிகாரங்களையும் முடித்த கையோடு கேள்வி என்று ஓர் அதிகாரம் வைத்தார். செவிவழியாக வந்து சேரும் அறிவுக்குக் கேள்வி என்று பெயரிட்ட மொழி, வினாவுக்கும் அதே பெயரை இட்டது. கேட்கிறவனுக்கே காதில் விழும் போலும். படித்தவர்கள் இரண்டு தலைமுறையாக உள்ள வீட்டில் இந்தக் கேள்வி சாப்பாட்டு மேஜையில் பரிமாறப்படுகிறது. எந்தப் பேராசிரியர் கடுமையானவர், எந்தத் துறையில் ஆராய்ச்சிக்கூடம் சரியில்லை, எந்தப் பட்டத்துக்கு எந்த வேலை என்பதெல்லாம் குழம்போடும் கூட்டோடும் பிள்ளையின் உள்ளே போய்விடுகிறது. எங்கள் வீடுகளில் அதைக் காசு கொடுத்து டியூஷனில் வாங்க வேண்டும்; அல்லது கைப்பேசியின் புலனக் குழுவில் எவனோ ஒருவன் அனுப்பி, இன்னொருவன் திருத்தாமல் மறுபடி அனுப்பிய பட்டியலை நம்ப வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் போதித்த டாக்டர் மு. தம்பிராஜா 1982-இல் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கியபோது, அதன் சிறப்பு கணக்கையும் அறிவியலையும் சொல்லிக்கொடுத்ததில் மட்டும் இருக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அண்ணன்மாரும் அக்காமாரும் வந்து பாடம் சொன்னார்கள். பாடத்தின் நடுவே, விடுதியில் கிடைக்கும் சோற்றைப் பற்றியும், விரிவுரை மண்டபத்தின் குளிரைப் பற்றியும், முதல் செமஸ்டரில் அழுததைப் பற்றியும் பேசினார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு அதற்குமுன் யாரும் அதைச் சொன்னதில்லை. போய்வந்தவனின் வாயால் ஊரைக் கேட்டபிறகே அவ்வூருக்கு ஒரு பாதை இருப்பது மனத்துக்குத் தெரிகிறது.

யூ.பி.யூ. பட்டியலின் பின்னால் நிற்கும் பெரிய கணக்கை இங்கே விரிக்க நான் விரும்பவில்லை; விரித்தால் கட்டுரை அதுவாகவே ஆகிவிடும். 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்ததும், இனவாரி ஒதுக்கீடு ஏற்பட்டதும், 2002-இல் தகுதியே அளவுகோல் என்று அறிவித்ததும், ஆனால் ஆறாம் படிவம் முழுதும் படித்து எஸ்.டி.பி.எம். எழுதியவனையும் அரசாங்கத்தின் ஓராண்டு மெட்ரிகுலேஷன் வகுப்பை முடித்தவனையும் ஒரே தராசில் நிறுத்தியதும், அந்த மெட்ரிகுலேஷன் இடங்களில் நூற்றுக்கு 90 மலாய்க்காரர் முதலான பூமிபுத்ராக்களுக்கு என்றிருந்ததும் எல்லோரும் அறிந்தவை. 2004-இல் எஸ்.டி.பி.எம். தேர்வில் முழுப்புள்ளி பெற்ற 128 பேருக்கு மருத்துவப் படிப்பில் இடமில்லாமற்போன செய்தியைப் படித்த அன்று எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் யாரும் தேநீர் குடிக்கவில்லை. 2024-இல், ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ வாங்கிய எவருக்கும் இனபேதமின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார், நல்லது. ஒன்பது ஏ வாங்கியவர்களின் வீடுகளும் எங்கள் தெருவில் இருக்கின்றன.

ஆனால் அந்த அநியாயத்தின் நிழலிலே எங்களுக்குள் ஒரு பழக்கம் வேர்விட்டுவிட்டது. கதவு எப்படியும் சாத்தப்படும் என்று முன்கூட்டியே நிச்சயித்துக்கொண்டு, எந்தக் கதவைத் தட்ட விரும்பினோம் என்பதையே மறந்துவிடும் பழக்கம். அல்லது அதற்கு நேர்மாறாக, மருத்துவம் என்ற ஒரே கதவை மட்டும் உலகமெங்கும் தேடி அலையும் பழக்கம். மணிப்பாலுக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளை அனுப்பியவர்கள், பிறகு உக்ரைனின் கிரிமியாவுக்கும் அனுப்பினார்கள். அங்கிருந்த மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை 2005-இல் அரசாங்கம் நீக்குவதாக அறிவித்தபோது, வீட்டை அடமானம் வைத்த பெற்றோர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. டாக்டராக வேண்டும் என்பது பிள்ளையின் அபிலாஷையாக இருந்த வீடுகளும் உண்டு. சமூகத்தின் அவமானத்துக்குப் பிள்ளையின் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிப் பரிகாரம் தேடிய வீடுகளும் உண்டு. எது எதென்று வெளியிலிருந்து சொல்லிவிட முடியாது.

இவ்வாண்டு வந்தவர்களில் ஒரு பெண்ணைப் பற்றியே இவ்வளவும் எழுத நேர்ந்தது. மூன்று வீடு தள்ளி இருக்கிறார்கள். தகப்பனார் லாரி ஓட்டுகிறார். தாயார் மின்கருவித் தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை. பாட்டி, செம்மோர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர், அத்தோட்டம் வீடுகளாக மாறியபின் மகனோடு ஜெலாப்பாங்குக்கு வந்து சேர்ந்தவர். பெண் அறிவியல் பிரிவில் நல்ல புள்ளியோடு தேறியிருந்தாள். பட்டியலைப் பற்றிப் பேச நால்வருமாக வந்தார்கள்.

தகப்பனாருடைய தேசப்படம் சரக்குப் போகும் சாலைகளால் ஆனது. பினாங்கு என்றால் இரண்டு மணி நேரம், ராத்திரியில் போன் வந்தாலும் போய்விடலாம், கோலாலம்பூர் 200 கிலோமீட்டர், பாதகமில்லை, கெடாவின் சிந்தோக் தூரம், திரங்கானு மலை தாண்ட வேண்டும், சபாவும் சரவாக்கும் லாரி போகாத இடம், ஆகவே அவை அவருடைய உலகத்தில் இல்லை. தாயாருடைய தேசப்படத்தில் மூன்றே புள்ளிகள்: கிள்ளானில் அக்காள் வீடு, பட்டர்வொர்த்தில் தம்பி வீடு, இந்த வீடு. இவற்றிலிருந்து ஒரு பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய பல்கலைக்கழகமே அவருக்குப் பல்கலைக்கழகம். பாடம் என்று வந்தபோது தகப்பனார் கணக்கியல் என்றார், தாயார் மருந்தியல் என்றார். பாட்டி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை; அங்கே தண்ணீர் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமா என்று ஒருமுறை கேட்டார். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஊர்விட்டு ஊர்போய்ப் பழகியவர்கள் முதலில் விசாரிப்பது தண்ணீரைத்தான்.

நான் பெண்ணைப் பார்த்தேன். அவள் என் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதங்கள் பறக்காதிருக்க அதன்மேல் இரண்டு கற்கள் வைத்திருக்கிறேன். ஒன்று மேற்கே கிளேடாங் மலையடிவாரத்து ஓடையில் எடுத்த கருங்கல். மற்றொன்று கிழக்கே தம்பூன் பக்கத்துக் குன்றொன்றின் அடியில் கிடந்த சுண்ணாம்புக்கல்.

“இது ரெண்டும் ஒரே ஊர்ல எப்படி ஐயா வந்துச்சு?” என்றாள்.

எனக்குத் தெரிந்த மட்டில் சொன்னேன். ஆதியில் இப்பள்ளத்தாக்கு கடலடியாய் இருந்து, சிப்பியும் சங்கும் படிந்து சுண்ணாம்பாய் இறுகியதும், பின் யுகங்கள் கழித்துக் கீழிருந்து கொதித்தெழுந்த குழம்பு உறைந்து இருபுறத்திலும் கருங்கல் மலைகளாய் நின்றதும், அந்தக் கருங்கல்லோடு வந்த ஈயத்துக்காகவே உலகத்துச் சனங்களெல்லாம் இங்கே ஓடிவந்ததும், 1985-இல் ஈயத்தின் விலை விழுந்தபோது ஓடியவர்கள் ஓடியதும். இப்படிச் சரித்திரக்காரனுக்குத் தெரிந்த நிலவியல். அவள் என்னைவிட நன்றாக அறிந்திருந்தாள். இரண்டிடத்தில் திருத்தினாள். பிறகு, “இதைப் படிக்கறதுக்கு யூனிவர்சிட்டி இருக்கா ஐயா?” என்று, அதுவரை பேசிய குரலைவிடத் தணிந்த குரலில் கேட்டாள்.

“கல்லு ஒடைக்கவா இவ்ளோ தூரம் படிக்க வெச்சேன்?” என்றார் தகப்பனார். கோபத்தில் சொல்லவில்லை. அவருடைய பாட்டனார் பொதுப்பணி இலாகாவில் சாலைக்குக் கல் உடைத்தவர் என்பது எனக்குத் தெரியும். மூன்று தலைமுறைகளாக எந்தக் கல்லிடமிருந்து தப்பி ஓடினார்களோ, அந்தக் கல்லையே பெண் தேடிப்போகிறாள் என்றால் எந்தத் தகப்பனுக்கும் திகைப்பாகத்தானே இருக்கும்? நான் அப்போது அவருக்கு நியாயம் சொல்ல முற்படவில்லை. மலாயாவிலும் பாங்கியிலிருக்கும் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் துறை உண்டு என்று மட்டும் சொன்னேன். அணை கட்டுவதற்கும் சுரங்கப்பாதை குடைவதற்கும் மலைச்சரிவில் வீடு எழுப்புவதற்கும் நிலவியல் படித்தவர்களைக் கேட்காமல் முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் மாதம் பத்து முறை மெனோரா சுரங்கப்பாதை வழியாக லாரி ஓட்டுகிறவர். “அந்த மலைக்குள்ள போறப்ப மேல விழுமோன்னு தோணும்,” என்றார். அதற்குமேல் அன்றைக்குப் பேச்சு நகரவில்லை.

யூ.பி.யூ. வாயில் மூடுவதற்கு நான்கு நாள் முன்னதாக அவள் தனியாக வந்தாள். நோட்டுப்புத்தகத்தின் கடைசித் தாளில், பென்சிலால், ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எழுதியிருந்தாள். அந்தத் தாளைக் கண்டதும் எனக்கு நேர்ந்ததை அவள் அறியமாட்டாள். முதற்கட்டத்தில் கணக்கியல். இரண்டாவது கணக்கியல். மூன்றாவது மருந்தியல். ஏழாவதில் தஞ்சோங் மாலிமில் தமிழ்க் கல்வி. அது எனக்காக எழுதியது என்று தெரிந்தது, கூச்சமாகவும் இருந்தது. பன்னிரண்டாவதில் நிலவியல்.

“இது யாருடைய பட்டியல்?” என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்லாமல், பென்சிலின் மறுமுனையால் தாளைத் தட்டிக்கொண்டிருந்தாள். புத்திசொல்லும் பழக்கத்தை 32 ஆண்டுகளில் நிறையவே செலவழித்துவிட்டேன். மிச்சம் இருந்ததைச் சொன்னேன். நாம் எழுதுவதில் எது கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. புள்ளி போதாதிருக்கலாம், ஒதுக்கீடு குறுக்கிடலாம், நேர்முகத்தில் அன்றைக்கு வாய் குழறலாம். முதற்கட்டத்தில் என்ன எழுதுகிறோம் என்பது ஒன்றே முழுக்க நம்முடையது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கட்டங்கள் கொடு. கொடுக்க வேண்டும், அவர்கள் உழைப்பில்தான் இந்தத் தாள் வாங்கியது. எனக்கு ஏழாவது வேண்டாம், எடுத்துவிடு. ஆனால் உன்னைக் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்பதை அவர்களுக்கு அறிவி. அவள் போய்விட்டாள். பென்சிலை என் மேஜையிலேயே மறந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் தகப்பனாரும் பெண்ணும் வந்தார்கள். தகப்பனார் இரவுச் சரக்குக்குப் புறப்படும் உடையில் இருந்தார். கைப்பேசியில் பட்டியலைக் காட்டினாள்: முதலாவது மலாயாவில் நிலவியல், இரண்டாவது பாங்கியில் நிலவியல், மூன்றிலிருந்து கணக்கியல் தொடங்கியது. தமிழ்க் கல்வி பத்தாவதில் இருந்தது. எடுக்க மனம் வரவில்லை போலும். தகப்பனார் என் மேஜைமேலிருந்த கருங்கல்லை எடுத்துக் கையில் கனம் பார்த்தார், கீழே வைத்தார்.

“கே.எல்.ல தங்க எடம் குடுப்பாங்களா?” என்று மகளைக் கேட்டார்.

“மொத வருசம் ஹாஸ்டல் குடுப்பாங்கன்னு சொன்னாங்கப்பா.”

“சனி ஞாயிறு வர்றதுக்கு?”

“பஸ் இருக்குப்பா. நேரா அமான் ஜெயாவுக்கே வருது.”

அமான் ஜெயா பஸ் முனையம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷத் தொலைவு. அவர் சட்டைப் பையிலிருந்து சரக்குச் சீட்டொன்றை எடுத்து, பின்புறம் திருப்பி, மேஜையில் கிடந்த அந்தப் பென்சிலால், போக ஒரு தடவை, வர ஒரு தடவை என்று மாதத்துக்கு எவ்வளவு வெள்ளி ஆகும் என்று எழுத ஆரம்பித்தார்.